பன்னீர்த் துண்டு

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தரைக்கு அடியில், ஜன்னலே இல்லாத, எந்நேரமும் ஆவி பறக்கும் நீளமான அறை. ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் வயிற்றைக் கலக்கிக்கொண்டு நிற்கும். மறுபக்கம் விரிப்பை ஈரத்தோடு வாங்கி அப்பளம் போலத் தட்டி வெளியே தள்ளும் சூடான உருளை. மேல் மாடிகளில் தூங்கி எழுந்தவர்களின் விரிப்பும் துண்டும் ஒரு பெரிய குழாய் வழியாகத் தொப்பென்று வந்து விழும். அக்கா ஒவ்வொன்றையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மோந்து, விரலால் தேய்த்து, எது எந்தத் தொட்டிக்குப் போக வேண்டுமென்று பிரிப்பாள். பதினெட்டு வயதில் போனவள். பத்து வருடமாக அதுதான் வேலை.

அந்தக் கூடத்தில் அவளுக்குப் பெயர் மூக்கம்மா. ஒரு முறை அவள் சட்டையில் குழம்பைத் தெரியாமல் கொட்டியதாக நான் நடித்தேன். உண்மையில் சோதித்துப் பார்க்கத்தான் கொட்டினேன். அவள் சட்டையைக் கழற்றாமலேயே மோந்து பார்த்து, இது நேற்று வைத்த குழம்பு, சூடு பண்ணும்போது அடி பிடித்திருக்கிறது, பாத்திரத்தை ஊற வைக்காமல் எங்கே ஒளித்து வைத்தாய் என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அதனால்தான் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது என்னையும் மூட்டை முடிச்சோடு கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறார். விடியும் முன்னே போய் மதியம் வந்து, சாப்பிட்டு, கூடத்தில் இருக்கும் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். அவர் தூங்கும்போது நான் காதோரம் விசிலை இரண்டு முறை ஊதினால், கண் திறக்காமலேயே வலது கால் ஆக்சிலேட்டரை அழுத்தும். விருந்தாளிகள் வந்தால் இதை நான் காட்சியாகவே நடத்திக் காட்டுவேன்.

பிறகு முதலாளி வந்தார். என் அக்கா மகன். பிறந்ததிலிருந்து நாங்கள் மூவரும் அவனிடம்தான் வேலை பார்க்கிறோம். அதனால் அந்தப் பெயர். ஆறு மாதம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது, பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருந்ததால், பகலில் முதலாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது.

அப்போது கடையில் விற்கும் டயப்பர்தான். ஒட்டி, கழற்றி, சுருட்டி எறிகிற வகை. அது ரொம்பவும் வசதியான சாமான். எவ்வளவு வசதி என்றால், குழந்தை ஈரமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டிய அவசியமே தெரியாது. அக்கா காலையில் போட்டுவிட்டுப் போனதை நான் சில நாள் மதியத்துக்கு மேல்தான் மாற்றினேன். சில நாள் அவள் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது மாதத்தில் முதலாளியின் பின்பக்கம் சிவந்தது. முதலில் தொடை இடுக்கில் ஒரு கோடு, பிறகு மணல் தூவியது போலப் பொரிப்பொரியாக. டயப்பரின் ஓரம் படும் இடம் தோல் உரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, கடை டயப்பரை நிறுத்துங்கள், பருத்தித் துணி கட்டுங்கள், களிம்பு போடுங்கள், ஈரம் மட்டும் தங்கவே கூடாது என்றார்.

துணி என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் தெளிந்தது. அது அவள் ராஜ்ஜியம். வெளியே வந்து படியிறங்கும்போதே, துணிதானே, இனி என் கைக்கு வந்துவிட்டது, ஒரே வாரத்தில் பட்டு போலாக்கிவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு பெரிய மூட்டை கொண்டுவந்தாள். ஓட்டலில் பழசாகிவிட்ட துண்டுகளை மொத்தமாகக் கழித்துக் கட்டியிருந்தார்கள். அவளுடைய சூப்பர்வைசர் அதில் ஒரு கட்டைத் தள்ளிவிட்டிருந்தார். அவர் பேசியதை அக்கா அப்படியே நடித்துக் காட்டினாள்.

“எடுத்துட்டுப் போம்மா. மேல ரூம்லேருந்து ஒரே புகார். தொட்டா பட்டு மாதிரி இருக்காம், துடைச்சா துடைக்க மாட்டேங்குதாம். காசுள்ளவங்களுக்கு எதுலதான் குறையில்ல, சொல்லு.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பூனைக்குட்டி போல அவ்வளவு மெத்தென்று இருந்தது. அக்கா அவற்றை வெட்டி, ஓரம் தைத்து, மூன்றாக மடித்து, இருபது துணிகள் செய்தாள். மேலே போட, ஓரத்தில் பட்டன் வைத்த ரப்பர் ஜட்டி நான்கு வாங்கினாள்.

துவைப்பதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் நேராகக் குளியலறைதான். கொதிநீரில் இரண்டு முறை. ஐந்து அலசல். கடைசி அலசலில் பன்னீர்.

பன்னீர் என்று நான் சொல்வது, சலவைக்கூடத்தில் கடைசி நீரில் ஊற்றுவார்களே, துணியை மெத்தென்று ஆக்கி வாசனை கொடுக்கும் திரவம், அதுதான். தண்ணீர் கலந்த பால் நிறம். கேனில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருக்கும், கூடத்தில் எல்லோரும் பன்னீர் என்றுதான் சொல்வார்கள். பன்னீர் ஊற்றாத துணி அக்காவுக்குத் துவைத்த துணியே அல்ல. எங்கள் வீட்டுத் தரை துடைக்கும் துணிக்குக்கூட அவள் பன்னீர் ஊற்றுவாள். ஓட்டல் விருந்தாளிக்கு ஒரு மூடி என்றால், பெற்ற பிள்ளைக்கு இரண்டு மூடி.

முதல் மூன்று நாள் புண் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. நாலாம் நாள் மறுபடி சிவந்தது. ரப்பர் ஜட்டியைத் திறந்தால் இடுக்கில் தண்ணீர் குளம் கட்டி நிற்கும், வைத்திருப்பவர் மடியிலும் வழியும். முதலாளி என்ன அணைக்கட்டா, மதகைத் திறந்தால் இவ்வளவு வருகிறதே என்று நான்தான் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். எல்லாம் இவன் ரொம்பப் போகிறான் என்றே முடிவு கட்டினோம்.

ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சிவப்பு பரவி, கொப்புளமாகி, கொப்புளம் உடைந்து, கீழே பச்சைச் சதை தெரிந்தது. களிம்பு வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. முதலாளி அழுத அழுகையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டன் ‘டக்’கென்று கழலும் சத்தம் கேட்டதுமே, யாரும் தொடும் முன்பே, உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான். பிறகு குரல் போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் ஓடிப் போய் மொட்டைமாடியில் நின்றுவிடலாமா என்று இருக்கும். இரண்டு முறை போய் நின்றிருக்கிறேன்.

பழைய டயப்பரையே போட்டுப் பார்க்கலாம் என்று அத்தான் ஒன்றை எடுத்தார். அதன் ஓரம் புண்ணில் பட்டதும் முதலாளிக்கு மூச்சே நின்று, நீலமாகி, பிறகுதான் அழுகை வந்தது. அதோடு அதையும் விட்டோம்.

அக்கா விடுப்பு எடுத்தாள். மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் புண்ணை நெடுநேரம் பார்த்தார்.

“எதுல துவைக்கிறீங்கம்மா துணியை?”

“கொதிநீர்ல ரெண்டு தடவை டாக்டர். அப்புறம் அஞ்சு அலசல். நான் ஓட்டல் லாண்டிரிலதான் வேலை பாக்குறேன்.”

“அப்ப துணியில குறை இருக்காது. ஈரந்தான் எங்கேயோ தங்குது. அடிக்கடி மாத்துங்க.”

பன்னீரை அக்கா சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. குளித்தீர்களா என்று கேட்டால் தலை வாரியதையும் சேர்த்தா சொல்வோம்? அவளுக்குப் பன்னீர் அப்படித்தான். துவைப்பு முடிந்த பிறகு வருவது, அன்பில் சேர்த்தி.

அன்றிலிருந்து வீட்டில் நடந்தவையெல்லாம் பார்க்கச் சகிக்காதவை. அரை மணிக்கு ஒரு முறை துணி மாறியது. இருபது துணியும் வாளிக்கும் அடுப்புக்கும் கொடிக்குமாக ஓடின. அக்கா சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய்க் கொதிக்கும் பானையைக் கிளறினாள். ஒவ்வொரு துணியையும் ஜன்னலில் பிடித்து நூல் நூலாகப் பார்த்தாள். மோந்தாள். கறையில்லை, சோப்பு இல்லை, அழுக்கில்லை. இன்னும் மெத்தென்று இருக்கட்டும், உறுத்தாமல் இருக்கட்டும் என்று இரண்டு மூடியை நான்காக்கினாள். அவள் விரல் நுனிகள் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்தது. முதலாளியின் புண் இன்னும் அகலமானது.

ஒருநாள் காலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என் துணியில ஒண்ணுமில்ல,” என்றாள். “அப்ப என் கையிலதான் இருக்கு.”

அத்தான், என்ன பேசுற என்று கேட்டார். அவள் பத்து வருடக் கணக்கைச் சொன்னாள். ஊரார் வாந்தி, ரத்தம், சீழ், அதையெல்லாம் போக்கப் போட்ட காரம், அமிலம். எல்லாம் தோலுக்குள் போய் ஊறியிருக்காதா? அந்தக் கையால்தானே அவனுக்குக் களிம்பு போடுகிறேன்? அவள் தொட்ட நாளில் அதிகமாகிறது, நான் தொட்ட நாளில் குறைகிறது என்று ஒரு கணக்கும் வைத்திருந்தாள். அது பொய்க்கணக்கு. நான் அதை மறுத்தேன். கேட்கவில்லை.

முதலில் சலவைக்கூடத்து ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கை வரை நீலமாக இருக்கும் அந்தக் கைகளைப் பார்த்ததும் முதலாளி மிரண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு அவனைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். வாசற்படியில் நின்றபடி, இப்படித் திருப்பு, அங்கே துடை, மெதுவா, மெதுவா என்று சொல்வாள், நான் செய்வேன். பால் கொடுக்கும்போது நான் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து மார்பை மட்டும் கொடுப்பாள். அவன் பழக்கத்தில் அவள் விரலைத் தேடிக் காற்றில் துழாவுவான். என் விரலைக் கொடுப்பேன். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான்.

வியாழக்கிழமை அவள் அத்தானின் அக்காவுக்குப் போன் பண்ணினாள். அவர் ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். குறைவாகப் பேசுவார், பேசினால் உறைக்கும்.

“அண்ணி, நீங்க ஞாயித்துக்கெழம வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போயிடுங்க. புட்டிப்பால் குடிப்பான். எங்கிட்ட இருந்தா இவனுக்கு ஆறாது.”

அத்தான் போனை வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. போனை வைத்த பிறகு, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ஆறுகிற வரைக்கும் என்றாள். ஆறின பிறகு என்று கேட்டார். அவள் வெடித்த விரல்களைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஆறின பிறகு மட்டும் என் கை மாறிடுமா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஞாயிற்றுக்கிழமை போகிற பிள்ளை திரும்பி வருவதற்கு அவள் தேதியே வைக்கவில்லை என்று. அத்தான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி போய்க் கழுவினார்.

வெள்ளிக்கிழமை மதியம். அக்கா உள்ளறையில் ஒரு பையைத் திறந்து வைத்து முதலாளியின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி அழுது களைத்துத் தூங்கினான். அத்தான் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையை அப்போது செய்யலாமென்று தோன்றியது. ஒரு துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து அத்தானின் மடியில் வைத்துவிட வேண்டியது. அவர் விழித்து, கீழே தடவிப் பார்த்து, திடுக்கிட்டு எழுவார். நகரப் பேருந்து ஓட்டுநர் நாற்காலியில் ஒன்றுக்குப் போய்விட்டார் என்று நான் கத்துவேன். அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பாள். ஒரு பல்லாவது தெரியும்.

கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்து, நாற்காலி ஓரம் குந்தி உட்கார்ந்து, அதன்மேல் டம்ளரைச் சாய்த்தேன்.

தண்ணீர் உள்ளே போகவில்லை. உருண்டையாகத் திரண்டு, துணியின் மேலேயே இங்குமங்கும் உருண்டு, ஓரத்துக்கு வந்து, என் காலில் கொட்டியது. துணி காய்ந்தபடி இருந்தது. சரியாக ஊற்றவில்லை போல என்று மறுபடி ஊற்றினேன். மறுபடி உருண்டது. வேறொரு துணியை எடுத்தேன். அதுவும் அப்படியே. விரலால் அழுத்தித் தேய்த்த பிறகு நடுவில் மட்டும் சின்னதாக ஒரு ஈர வட்டம் விழுந்தது. எரிச்சலாக இருந்தது. ஒரு கேலிகூடவா ஒழுங்காக நடக்காது?

மூன்றாவது டம்ளர் அத்தானின் பாதத்தில் சிந்திவிட்டது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“என்ன ஊத்துற?”

“தண்ணி.”

“எதுக்கு?”

“நீங்க ஒண்ணுக்குப் போயிட்டீங்கன்னு நீங்களே நம்பணும்னு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். “கழுத, அதுக்கு மொதல்ல துணி நனையணும்ல?”

சொல்லி முடித்தவர் இரண்டு கண்ணையும் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் துணியைப் பார்த்தார். துணியின் மேல் ஒரு பெரிய சொட்டு, போகிற இடம் தெரியாத விருந்தாளி போல நின்றுகொண்டிருந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்து, போட்டிருந்த பழைய பனியனின் ஓரத்தை இழுத்துப் பிடித்து, ஊத்து என்றார். ஊற்றினேன். ஊற்றிய இடம் தெரியாமல் பனியன் குடித்துவிட்டது. துணியில் ஊற்றினேன். உருண்டது. பனியனில் ஊற்றினேன். குடித்தது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பைத்தியங்கள் போல அதையே ஐந்தாறு முறை செய்தோம். அத்தான் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“நீயே சொல்லு அவகிட்ட,” என்றார். “நான் சொன்னா கேக்க மாட்டா.”

ஒரு கிண்ணம், ஒரு துணி, ஒரு டம்ளர் தண்ணீர். உள்ளே கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தேன். அக்கா, இதுல தண்ணி ஊத்திப் பாரேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

“வெளையாட வேற நேரம் கெடைக்கலையா ஒனக்கு?” கை ஓங்கிவிட்டது. பிறகு தன் கையென்று நினைவு வந்து அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை பாரு என்று அத்தான் கதவோரத்திலிருந்து சொன்னார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

அவள் ஊற்றினாள். தண்ணீர் உருண்டு கிண்ணத்தில் விழுந்தது. இன்னொரு முறை ஊற்றினாள். பிறகு சலவைக்கூடத்தில் செய்வதைச் செய்தாள். துணியை மூக்கருகே கொண்டுபோனாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்தாள். நாக்கின் நுனியில் வைத்தாள்.

“பன்னீர்,” என்றாள்.

துணியைக் கிண்ணத்தின் மேல் விரித்துப் பிடித்தாள்.

“பத்து வருசமா நாங்க ஊத்தி ஊத்தி நூல் மேல படிஞ்சிருக்கு. மெழுகு மாதிரி. துடைக்க மாட்டேங்குதுன்னு சொல்லித்தான் கழிச்சாங்க. எங்கிட்ட சொன்னாங்களே. நான் வந்து சிரிச்சேனே.” அவள் குரல் ஏறவே இல்லை, தாழ்ந்துகொண்டே போனது. “ரப்பர் ஜட்டியப் போட்டு மூடி, அவன் மூத்திரத்துலேயே அவன ஊற வெச்சிருக்கேன். ரெண்டு வாரமா. நாலு மூடி ஊத்தி.”

அவள் தலையில் அடித்துக்கொள்வாள், அழுவாள் என்று நினைத்தேன். அதைவிட மோசம். சுவரோடு சாய்ந்து, அந்தப் பையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நிலையைத் தாங்க முடியாமல்தான் என் வாய் திறந்தது. திட்டு வாங்கினாலாவது பரவாயில்லை என்றிருந்தது.

“மொதல்ல புண்ணு வந்தது என்னாலதான்க்கா. நான்தான் டயப்பர நேரத்துக்கு மாத்தல. நீ வர்ற நேரத்துக்குத்தான் மாத்துவேன்.”

“தெரியும்,” என்றாள், என்னைப் பார்க்காமலே. “குப்பக்கூடையத் தூக்கினா தெரியாதா. ஈரத்தோட கனம் எனக்குத் தெரியாதாடி.”

தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவள் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

அதன் பிறகு அவள் எழுந்தாள். பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். சோப்பு போடவில்லை, துவைக்கும் சோடா மட்டும் ஒரு பிடி. துணிகள் கொதிக்க ஆரம்பித்ததும் நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சோப்பே போடாத தண்ணீரில் நுரை கிளம்பியது. பானை விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, வீடு முழுக்க ஓட்டல் வாசனை அடித்தது. யார் யாரோ குளித்துத் துவட்டிய பத்து வருடத்து வாசனை. நீரைக் கொட்டினாள், மறுபடி கொதிக்க வைத்தாள், மறுபடி நுரை. ஒவ்வொரு நீருக்கும் பிறகு ஒரு துணியை எடுத்து டம்ளரால் சோதிப்பது என் வேலை. மூன்றாம் நீரில் உருண்டது. ஐந்தாம் நீரில் தயங்கியது. எட்டாம் நீரில் சில துணிகள் குடித்தன. சனிக்கிழமை சாயங்காலம் வரை கொதித்தது. இருபதில் பதினொன்று தேறின. பட்டு போலிருந்தவை சாக்கு போல மொறமொறவென்று ஆகிவிட்டன. மற்றதை அவளே குப்பையில் போட்டாள்.

அதுவரை முதலாளி அத்தானின் பனியன்களைக் கட்டியிருந்தான், மேலே ரப்பர் ஜட்டி இல்லாமல், கட்டில் முழுக்க ஈரம் பண்ணிக்கொண்டு. அத்தான் சனிக்கிழமை வெறும் சட்டையோடு பேருந்து ஓட்டினார்.

ஆனால் அக்கா அவனைத் தொடவில்லை. தெரிந்த பிறகும் தொடவில்லை. கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதே என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். கையில் இல்லாவிட்டால் என்ன, இந்தக் கைதானே ஊற்றியது என்றாள். வாசற்படியில் நின்று, நீயே மாத்து என்றாள். பையும் கட்டியபடியே இருந்தது. சனிக்கிழமை மாலை புண்ணின் ஓரம் கொஞ்சம் வெளுத்தது போல எனக்குத் தோன்றியது. சொன்னேன். ஒனக்கு அப்படித்தான் தோணும் என்றாள்.

ஞாயிறு காலை முதலாளிக்குத் தேறிய துணி ஒன்றைக் கட்டி, மேலே ரப்பர் ஜட்டியும் போட்டேன். முற்பகல் அண்ணி வந்தார். தூசியும் பயணக் கசங்கலுமாக வந்தவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, எங்க அவன் என்று கேட்டு, முதலாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அதை வைத்த விதத்தைப் பார்க்காமலிருக்க நான் விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

அப்போது முதலாளியின் முகம் மாறியது. மழலையில் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே இருப்பவன் சட்டென்று நிறுத்தி, தூரத்தில் எதையோ யோசிப்பது போல ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று பிள்ளை பெற்ற அண்ணிக்கும் தெரிந்தது. போச்சு என்று முழங்காலை அகட்டிக் காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. மடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

நான் மாற்றுவதற்காக எழுந்தேன். எனக்கு முன்னால் அக்கா நகர்ந்திருந்தாள். கையுறை இல்லை. வெடித்த விரல்களோடு குனிந்து பட்டனைக் கழற்றினாள். ‘டக்’. எங்கள் எல்லோருடைய தோள்களும் அழுகைக்காகக் குறுகின. முதலாளி உடம்பை வளைக்கவில்லை. அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, அவள் விரலை எட்டிப் பிடித்துக்கொண்டான். வாயில் வைத்துக்கொண்டான்.

மற்றக் கையால் அவள் துணியை உருவினாள். துணி தொங்கியது. குளமில்லை, சொட்டில்லை, எல்லாம் துணிக்குள் இருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி, மேலும் கீழும் இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். சலவைக்கூடத்தில் ஈர விரிப்பை நிறை பார்ப்பது போல.

“கனமா இருக்கு,” என்றாள். “பிடிச்சுப் பாருங்க அண்ணி.”

சொன்னவள் நிஜமாகவே அதை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அண்ணி அதை ஏந்தியபடி ஒரு கணம் அவளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதப் பிடிக்கத்தான் ஒரு நாள் பூரா என்ன பஸ்ஸுல வரச் சொன்னியா?”

பிறகு குனிந்து புண்ணைப் பார்த்தார். விரலால் தொடாமல், காற்றிலேயே ஓரத்தைச் சுற்றிக் காட்டினார். அங்கே மெல்லிய, வெளிறிய ஒரு வளையம். நடுவில் இன்னும் சிவப்புதான், பார்க்கவே வலிக்கும் சிவப்பு. ஆனால் காய்ந்த சிவப்பு.

“காயுது,” என்றார். அக்காவிடம் களிம்பை நீட்டினார். அவள் வாங்கத் தயங்கினாள். அவர் நீட்டியபடியே இருந்தார். அவள் வாங்கினாள்.

அவள் களிம்பு வைக்கும்போது முதலாளி சிணுங்கினான். சிணுங்கல்தான், அழுகை அல்ல. அவள் ஓரம் வரை தடவி முடித்தாள்.

“அந்தப் பையில இருக்குறத வெளிய எடு,” என்றார் அண்ணி என்னிடம். “நாலு நாள் இருந்துட்டுப் போறேன். எடுத்துட்டு வந்த என் பை ஜிப்பு போயிடுச்சு. போகும்போது இதுலதான் என் துணிய வெச்சு எடுத்துட்டுப் போகணும்.”

முதலாளியின் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சட்டையிலும் பன்னீர் வாசனை. அக்கா அதையும் மோந்தாள். எழுந்து போய்ப் பானையை அடுப்பில் வைத்தாள்.

புண் முழுதாக ஆற மூன்று வாரம் ஆனது. தொடையில் ஒரு தழும்பு தங்கிவிட்டது, என் சுண்டுவிரல் நகம் அளவு. குளிப்பாட்டும்போது அக்கா அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை தொடுவாள், வேண்டுமென்றே அல்ல. நான் இப்போது மணிக்கு ஒரு முறை முதலாளியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஈரத்தின் கனம் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

துணிகள் இப்போது நன்றாக நனைகின்றன. அத்தான் மதியத்தில் இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குகிறார்.